தட்டு மாற்றிக்கொண்டோம்

இல்லை தம்பி, பெண் பார்த்துவிட்டு வரவில்லை. நிச்சயதார்த்தமும் இல்லை. தட்டைப் பார்த்ததும் எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள். கண்டக்டரும் கேட்டார். "என்ன பெரியவரே, நல்ல சேதிதானா?" என்றார். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. சிரித்து வைத்தேன். நீங்கள் கொஞ்சம் ஜன்னல் பக்கம் தள்ளி உட்கார்ந்தால் வெற்றிலை நசுங்காது. போதும், போதும்.

நான் முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற ஆள் இல்லை. கேட்டில் காவலுக்கு உட்காருகிறவனுக்குப் பேச்சு எதற்கு, கண் இருந்தால் போதும். ஆனால் வத்தலக்குண்டு போய்ச் சேர்ந்ததும் அக்காவிடம் இதைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் ஒருவரிடம் வாயால் சொல்லிப் பார்த்தால் எங்கே தடுக்கிறது என்று தெரிந்துவிடும். நீங்களாகக் கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

மடிநிழல் இல்லத்தில் இருக்கிறேன். வேலை பார்க்கிறேன் என்று சொல்லக் கூடாது, இருக்கிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். அக்கா சொல்லிக்கொடுத்தது. புத்தி தடுமாறி ரோட்டிலும் பஸ் ஸ்டாண்டிலும் திரிகிற பெண்களைக் கூட்டிவந்து வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம். வத்சலா அக்காதான் தொடங்கினார்கள். தங்கமான மனுஷி. தலையில் புழு வைத்த பெண்ணைத் தன் மடியில் படுக்க வைத்து எடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். தனக்கென்று ஒரு நாள் ஒதுக்கியது கிடையாது. அப்படிப்பட்டவர்கள் முன்னால் நின்று எனக்கு லீவு வேண்டும் என்று எந்த வாய் கேட்கும்?

எனக்கு வரவில்லை. என் மகள் பாண்டியம்மாள் கல்யாணத்தன்று முகூர்த்தம் முடிந்ததும் கிளம்பி, மதியச் சாப்பாட்டுக்கு இல்லத்தில் நின்றேன். பந்தியை மச்சினன் பார்த்துக்கொண்டான். மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விடுவதற்கும் அவனே போனான். அக்கா அன்றைக்கு எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த மாதிரி ஒரு மனுஷன் எந்தக் கம்பெனிக்குக் கிடைப்பான்?" என்றார்கள். மகள் பேசுகிறாளா என்றா கேட்கிறீர்கள்? பேசுவாள், பேசுவாள். தீபாவளிக்குப் பேசுவாள். அவளுக்கும் வேலை இருக்கும் அல்லவா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம், இல்லத்துக்குப் பணம் கொடுக்கிற சென்னைக்காரர்கள், ஊழியர் நலன் என்று ஒரு வகுப்பு வைக்கச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். மற்ற நாளில் வைத்தால் வேலை கெடும். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் வந்து, "உங்களுக்கெல்லாம் வாரத்துல எந்த நாள் லீவு?" என்று கேட்டார். எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். அக்காதான் எழுந்து, "வீட்டுல அம்மாவுக்கு லீவு உண்டா மேடம்? இது குடும்பம்" என்றார்கள். எல்லாரும் கை தட்டினோம். நான்தான் கடைசியாக நிறுத்தினேன். அந்த அம்மாள் தட்டவில்லை. கையில் பேனா இருந்தது.

போகும்போது அவர் ஒரு குறைப்பெட்டி வைத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். யாருக்கு என்ன குறை இருந்தாலும் பெயர் போடாமல் எழுதிப் போடலாமாம். அக்கா தேக்கிலேயே செய்யச் சொன்னார்கள். அதைக் கேட்டில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் மாட்டினோம், எழுதத் தயங்குகிறவர்களுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று. யாராவது பெட்டிப் பக்கம் வந்தால் உடனே எழுந்து நின்று, "என்னம்மா, என்ன குறை? சொல்லு, நான் எழுதிப் போடுறேன்" என்பேன். "சும்மா காத்தாட வந்தேண்ணே" என்று போய்விடுவார்கள். ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை. தினமும் துடைத்துத் திறந்து பார்ப்பேன். காலி. சென்னைக்காரர்கள் மறுபடி வந்தபோது நானே திறந்து காட்டினேன். அவ்வளவு பெருமையாக இருந்தது.

அந்தப் பெட்டியில்தான் நாகஜோதி சீட்டுப் போட்டாள். நான் கை கழுவப் போன நேரம் பார்த்து.

நாகஜோதி யார் என்று சொல்லவில்லையே. எங்கள் இல்லத்தில் அவள்தான் படித்த பெண். வந்து சேருகிற பெண்களிடம் உட்கார்ந்து பேசுவாள். கல்லை எடுத்து எறிகிற பெண்கூட அவள் பேசினால் கல்லைக் கீழே போட்டுவிடும். மூன்று வருடமாக இருந்தாள். சின்னமனூரில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் பாண்டீஸ்வரன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். ஒரு பெண் குழந்தை. குழந்தையை மாமியார் வளர்க்கிறது. இவள் இல்லத்திலேயே தங்கி, சௌகரியப்படுகிறபோது போய்ப் பார்த்துவிட்டு வருவாள். சௌகரியம் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? போன ஆடியில் ஒரு தடவை வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் பிரார்த்தனை முடிந்ததும் அக்கா சீட்டைப் பிரித்துப் படித்தார்கள். "வாரத்தில் ஒரு நாள் லீவு வேண்டும். எந்த நாள் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும்." அவ்வளவுதான் இருந்தது. அக்கா சீட்டை மடித்துக்கொண்டே சொன்னார்கள்:

"இதை யார் எழுதினதுன்னு எனக்குத் தெரிய வேண்டாம். யாரா இருந்தாலும் எம் மகதான். ஆனா எங்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே? கேட்டவங்களுக்கு நான் என்னைக்காவது இல்லைன்னு சொல்லியிருக்கேனா?"

உண்மை தம்பி. அக்கா ஒருவருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. அழுதுவிடுவார்கள், அவ்வளவுதான்.

நாகஜோதி எழுந்து நின்றாள். "நான்தாங்க்கா எழுதினேன். நேராவும் கேட்டேன். கேட்டப்பல்லாம் நீங்க அழுதீங்க. உங்களைச் சமாதானப்படுத்திட்டு நான் வேலையப் பாக்கப் போயிட்டேன்."

அவள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பெரியவர்கள் கண்ணீருக்குக் கணக்கு வைப்பதா? நானே அதட்டினேன். "உக்காரும்மா" என்றேன். உட்கார்ந்தாள். அடுத்த வாரம் வேலையை விடுவதாக ஒரு தாளில் எழுதி மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அக்கா அதைப் பிரிக்காமல் சாமி விளக்குக்கு அடியில் வைத்தார்கள். "கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கா. புள்ளைக கோவம் எத்தனை நாளைக்கு? வீரணண்ணே, போய்க் கூட்டிட்டு வாங்க" என்றார்கள்.

இது எங்கள் இல்லத்து வழக்கம். யாராவது வேலையை விட்டுப் போனால், கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மருமகளை அழைக்கப் போவதுபோலத் தட்டு வைத்து அழைக்கப் போவோம். புடவை, பூ, வெற்றிலை பாக்கு, பழம். பழம் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். வயதில் மூத்தவன் போக வேண்டும். வருகிறேன் என்று அவர்கள் வாயால் சொல்கிறவரை அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. இதெல்லாம் நான் ஒழுங்காகச் செய்வேன் என்றுதான் அக்கா என்னை அனுப்புவது. இதுவரை நான் போய் ஒருவரும் வராமல் இருந்ததில்லை. சமையல் பார்க்கிற தாயம்மா பிரசவத்துக்குப் போனவள், பிள்ளைக்கு மூன்று மாதம் முடிந்தும் வரவில்லை. தட்டோடு போய் நின்றேன். பச்சைப்பிள்ளையோடு என் பின்னாலேயே வந்துவிட்டாள். அக்கா அடுப்படியிலேயே தொட்டில் கட்டிக்கொடுத்தார்கள். சொல்லுங்கள், எந்த ஆபீசில் தொட்டில் கட்டித் தருவார்கள்?

ஆனால் நாகஜோதி விஷயத்தில் ஒரு சிக்கல். அவளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் வேலை வந்திருக்கிறது. சேருவதற்கு, மூன்று வருடம் இங்கே வேலை பார்த்தாள் என்று இல்லத்திலிருந்து ஒரு அனுபவச் சான்றிதழ் வேண்டும். நாளை சாயங்காலம் ஐந்து மணிக்குள் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். போனில் அக்காவிடம் கேட்டிருக்கிறாள். அக்கா சொன்னதைக் கேளுங்கள்: "தாய் தன் மகளுக்கு, இவ எம் மகதான்னு சர்டிபிகேட் குடுப்பாளா?" என்ன அருமையான பேச்சு! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அந்தப் பேச்சைத்தான் இன்றைக்குச் சின்னமனூரில் போய்ச் சொன்னேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

உச்சி வெயில். தெருவில் நுழைந்ததுமே தட்டைப் பார்த்து நாலு பேர் பின்னால் வந்துவிட்டார்கள். வாசலில் நாகஜோதியின் மாமியார் குருவம்மாள் உட்கார்ந்து பேத்திக்குத் தலை சீவிக்கொண்டிருந்தது. என்னையும் பார்த்தது, தட்டையும் பார்த்தது.

"வாங்க சம்பந்தி" என்றது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் மடிநிழல் இல்லத்துலேர்ந்து வர்றேம்மா. வீரணன்" என்றேன்.

"தெரியுது. எம் மருமகள மகளுன்னு சொல்லித்தானே தட்டோட வந்திருக்கீக? அப்ப நீங்க எனக்குச் சம்பந்திதானே? உக்காருங்க. ஏத்தா, சம்பந்திக்குத் தண்ணி கொண்டா."

நாகஜோதி செம்போடு வந்தாள். முகம் தெளிவாக இருந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். "வாங்கண்ணே, நல்லாருக்கீங்களா? நம்ம சொர்ணம் மாத்திரைய ஒழுங்கா முழுங்குதா? அது நாக்குக்கடியில ஒளிச்சு வைக்கும், பாத்துக்கங்க" என்றாள்.

"வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. அப்புறம் தண்ணி குடிக்கிறேன்."

"அதென்னாது?" என்றது குருவம்மாள்.

வழக்கத்தைச் சொன்னேன்.

"ஓகோ. அப்ப தாகத்தோடயே பேசும். சுருக்கா முடியும்" என்றது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

நானும் ஒழுங்காகத்தான் பேசினேன். அக்கா சாப்பிடவில்லை என்று சொன்னேன். தாய் மகளுக்குச் சான்றிதழ் தருவாளா என்றதைச் சொன்னேன். இல்லம் ஒரு குடும்பம் என்று சொன்னேன். குருவம்மாள் சீப்பிலிருந்த முடியைச் சுற்றித் தூக்கிப் போட்டுவிட்டு நிதானமாகக் கேட்டது.

"எல்லாஞ் சரி. நீங்க இவளுக்கு என்ன வேணும்? உங்க இல்லம் இவளுக்குப் பொறந்த வீடா, புகுந்த வீடா?"

"பொறந்த வீடுதாம்மா. மகளுன்னுதானே சொல்றோம்."

"பொறந்த வீட்டுக்கு வந்த மகளை உக்கார வச்சு எண்ணெய் தேச்சுவிடுவாக. உங்க பொறந்த வீட்டுல மகள ராவும் பகலும் மாத்தி மாத்தி முழிக்க வைப்பீகளோ?"

செம்பைப் பார்த்தேன். தாகம் வேறு. "அப்ப… புகுந்த வீடுன்னே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டேன். தப்பாகப் போயிற்று.

"புகுந்த வீடா!" என்று குருவம்மாள் மார்பில் கை வைத்தது. "அப்ப நான் யாரு? எம் மகன் கட்டின தாலி யாருக்கு? அடேய் பாண்டி, வெளிய வாடா. உம் பொண்டாட்டிக்கு வத்தலக்குண்டுல இன்னொரு மாமியா இருக்காளாம்டா!"

தெருவே சிரித்தது. அந்தச் சின்னப்பிள்ளையும் சிரித்தது, என்னவென்று தெரியாமலே. பாண்டீஸ்வரன் வாசலுக்கு வந்து, "ஆத்தா, சும்மாரு. பெரிய மனுசன்" என்றான். எனக்குக் காது மடலெல்லாம் சுட்டது.

"பொறந்த வீடுதாம்மா. பொறந்த வீடுதான்" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லும். அப்புறம் மாத்தக் கூடாது."

"மாத்தலம்மா."

குருவம்மாள் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. எழுந்து வந்து எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தது. "சரி, நீங்க பொறந்த வீடு. மகளை இப்ப ஒரு நல்ல எடத்துல கேக்குறாக. சர்க்கார் ஆஸ்பத்திரி. பொழுதோட வீட்டுக்கு அனுப்பிருவாக. ஞாயித்துக்கெழமை எம் பேத்தி ஆத்தா மடியில கெடக்கலாம். அவுக நகை கேக்கல, நட்டு கேக்கல. உங்க வீட்டுல இந்தப் பொண்ணு மூணு வருசம் ஒழுங்கா இருந்துச்சுன்னு ஒத்தத் தாளு கேக்குறாக. நாளைக்குப் பொழுது சாஞ்சா எடம் கைவிட்டுப் போயிரும். மகளைப் பெத்தவுக என்ன செய்வாக சம்பந்தி? தாளக் குடுத்து வாழப்போன்னு அனுப்புவாகளா, வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டுவாகளா?"

நான் நாகஜோதியைப் பார்த்தேன். அவளாவது மாமியாரை அதட்டுவாள் என்று நினைத்தேன்.

"எனக்கு யார் மேலயும் கோவம் இல்லண்ணே. அக்கா இல்லைன்னா அந்த நாப்பது பேரும் ரோட்டுலதான் கெடக்கணும், எனக்குத் தெரியாதா? அந்த வேலைதான் எனக்குத் தெரியும், அதைத்தான் அங்கயும் பாக்கப் போறேன். அக்கா ரெண்டு வார்த்தை எழுதிக் குடுத்தாப் போதும்."

"அக்கா அழுகுறாங்கம்மா."

"எனக்கும்தாண்ணே அழுக வருது" என்றாள். சொல்லிவிட்டுச் செம்பை எடுத்து என் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

தம்பி, நான் அஞ்சாம் கிளாஸ். சட்டம் தெரியாது, ஊழியர் நலன் தெரியாது. ஆனால் முறை தெரியும். முறைப்படி பார்த்தால் அந்தப் பொம்பளை பேசியதில் ஒரு ஓட்டை இல்லை. மகள் என்று வாயால் சொல்லியாயிற்று. நல்ல இடம் வந்திருக்கிறது. நல்ல இடம் வந்தால் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? இதில் யாரைக் கேட்பது?

குருவம்மாள் உள்ளே போய் ஒரு தட்டு கொண்டுவந்தது. வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு தேங்காய், ஒரு வேட்டி. "என்ன சொல்றீக? தட்டு மாத்திக்குவோமா?" என்றது. தட்டு மாற்றினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு பின்வாங்குகிறவன் மனுஷனே இல்லை. என் தட்டை அது வாங்கிக்கொண்டது. அதன் தட்டை நான் வாங்கிக்கொண்டேன். கூட்டத்தில் ஒரு கிழவி குலவை போட்டது. "தாள நானே கொண்டாந்து ஆஸ்பத்திரியில சேக்கிறேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். பிறகுதான் தண்ணீர் குடித்தேன். செம்பு காலியாயிற்று, இன்னொரு செம்பும் குடித்தேன்.

அவ்வளவுதான் விஷயம். இப்போது இதை அக்காவிடம்… பொறுங்கள். போன். அக்காதான்.

"சொல்லுங்கக்கா… பஸ்ஸுலதான் இருக்கேன்… இல்லக்கா. வரல… நீங்க சாப்ட்டீங்களா?… இல்லக்கா, அவ கோவமா இல்ல. நல்லாத்தான் பேசினா… அது வந்துக்கா… தட்டு மாத்திட்டேன்… ஆமாக்கா. பொண்ணக் குடுத்துட்டேன்… ஆஸ்பத்திரிக்குத்தாங்க்கா… யாரைக் கேட்டுன்னா… வீட்டுப் பெரியவன்னுதானேக்கா அனுப்புனீங்க… அழாதீங்கக்கா… அக்கா… அழாதீங்க… சரிக்கா… சரி… இல்லக்கா, தபால்ல போட்டா நாளைக்குப் போய்ச் சேராது… அவளை வந்து வாங்கிக்கச் சொல்றதாக்கா? மக தன் சீர தானே வந்து தூக்கிக்கிட்டுப் போவாளா? நல்லா இருக்காதுக்கா… டிரைவர் பழனிக்குப் போறானா… அப்ப… நானே போறேன்… கேட்டையாக்கா?… கேட்டை… தாயம்மாவ ஒக்காரச் சொல்லலாம்… இல்லக்கா, உங்கள எதுத்துப் பேசல… இருக்கீங்களா? அக்கா?"

வைத்துவிட்டார்கள்.

அழுதார்கள். ஆனால் அழுது முடித்துவிட்டு, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார்கள். சொல்லவில்லையா, இல்லை என்று சொல்ல மாட்டார்கள் என்று! அந்த நாகஜோதிக்குத்தான் அக்காவிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. ஆனால் நான் நேரில் கொண்டுபோவது மட்டும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. "நீங்களும் போயிட்டா கேட்டை யாருண்ணே பாப்பா?" என்றார்கள். பாவம், அவர்கள் சொல்வதும் நியாயம்தான். நான் ஒரு நாளும் அந்த நாற்காலியை விட்டு எனக்காக எழுந்து போனதில்லையே. இன்றைக்கு வந்ததுகூட இல்லத்து வேலையாகத்தானே வந்தேன்.

ஆனால் வாக்குக் கொடுத்துவிட்டேன். தட்டு மடியில் இருக்கிறது. போய்த்தான் ஆக வேண்டும். போவதென்றால் சும்மா போய்விட முடியாது. அந்தச் சென்னை அம்மாள் வகுப்பில் சொன்னார், எதையும் எழுத்தில் கேட்க வேண்டுமாம். நான் அன்றைக்குச் சரியாகக் கவனிக்கவில்லை. கை தட்டிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் மில்லில் டைம் ஆபீசில் இருப்பதாகச் சொன்னீர்களே. உங்களுக்குத் தினமும் லீவு கடுதாசி வரும் அல்லவா? எப்படித் தொடங்குவார்கள்? "அன்புள்ள அக்காவுக்கு" என்று தொடங்கினால் அடுத்த வரியில் லீவு என்று எழுதக் கை வராது. "மதிப்பிற்குரிய நிர்வாகி அவர்களுக்கு" என்று தொடங்கினால் அக்கா முதல் வரியைத் தாண்ட மாட்டார்கள், அங்கேயே அழுது விடுவார்கள்.

காரணம் எழுத வேண்டுமா? என்ன, "சொந்த வேலை" என்று எழுதினால் போதுமா? அதற்கு மேல் கேட்க மாட்டார்களா? யாருமா?

பேனா வைத்திருக்கிறீர்களா தம்பி? தேவதானப்பட்டி தாண்டியாயிற்று, இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. என் கையெழுத்து மோசமில்லை, நானே எழுதிவிடுவேன். முதல் வரியை மட்டும் நீங்கள் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.